உள்வரிசைச் சக்கரம்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஓட்டிய டைகர் டாங்கியின் ஒரு பக்க டிராக்கில், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புச் சங்கிலியில், 96 கண்ணிகள். இரண்டு பக்கமும் சேர்த்தால் 192. எங்களுக்குக் கிடைத்த பிளாஸ்டிக் மாடல் கிட்டில் ஒவ்வொரு கண்ணியின் உள்முகத்திலும் இரண்டு வட்டக் குழிகள் இருந்தன. அச்சிலிருந்து பிளாஸ்டிக்கை வெளியே தள்ளும் ஊசிகள் விட்டுப்போகிற தடம் அது. ஆக, ஒரு வண்டிக்கு 384 குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஊசி முனையால் கொஞ்சம் புட்டி வைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்க வேண்டும். நாங்கள் நான்கு பேர் நான்கு டைகர் செய்துகொண்டிருந்தோம். மொத்தம் 1,536 குழிகள்.

வீட்டில் தனியாக உட்கார்ந்து இதைச் செய்திருந்தால் ஐம்பதாவது கண்ணியோடு பெட்டியை மூடி வைத்திருப்பேன். ஆனால் ஒரே மேசையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்தபோது மூன்றே சந்திப்புகளில் முடிந்துவிட்டது. கை பாட்டுக்குத் தேய்க்கும், வாய் பாட்டுக்குப் பேசும். ஒருவர் புட்டி வைத்தால் இன்னொருவர் தேய்ப்பார். யாருடைய கண்ணி யாருடையது என்ற கணக்கெல்லாம் முதல் நாளே போய்விட்டது. இன்று என் டைகரில் ஓடுகிற டிராக்கில் பாதியாவது மற்றவர்கள் தேய்த்ததாகத்தான் இருக்கும்.

நான்கு பேர் என்றேன். பெயர் வேண்டாம், நாங்கள் கூப்பிடுகிற மாதிரியே சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் மூத்தவர் அண்ணன். கனரக வண்டிகளின் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அக்கா ஓவிய ஆசிரியை, எங்களில் கலர் தெரிந்த ஒரே ஆள். சின்னவன் கல்லூரி மாணவன், டாங்கிகளைப் பற்றி எதைக் கேட்டாலும் வருடத்தோடு சொல்வான். அப்புறம் நான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை கூடுவோம். அதுவரை ஆளுக்கொன்று செய்துகொண்டிருந்த நாங்கள், நான்கு பேரும் ஒரே வண்டியை, ஒரே கிட்டிலிருந்து செய்து பார்ப்போம் என்று முடிவெடுத்தது சின்னவனின் யோசனையால்தான்.

ஏன் டைகர் என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் ஷெர்மன் 49,000-க்கு மேல் தயாரானது. டைகர் 1942 முதல் 1944 வரை மொத்தமே ஏறக்குறைய 1,350தான். ஆனால் மாடல் செய்பவர்களின் அலமாரியைப் பார்த்தால் கணக்கு தலைகீழாக இருக்கும். நான் ஷெர்மன் பக்கம்தான் பேசினேன். அதில் சில வகைகளின் வார்ப்பு உடம்பின் சொரசொரப்பைக் கொண்டுவருவது எனக்குப் பிடித்த வேலை. ஆனால் சின்னவனுக்கு டைகரின் சக்கர அமைப்பு மேல் ஆசை, அண்ணனும் படத்தைப் பார்த்துவிட்டு "இதை எப்படிக் கழற்றுவான்?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்வியோடு டைகர் முடிவாகிவிட்டது.

அளவு 1/35. டாங்கி மாடல்களில் இதுதான் ஊரறிந்த அளவு. இந்த எண் வந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். விமானக்காரர்களின் 1/72-ம் 1/48-ம் அடியையும் அங்குலத்தையும் வைத்துப் பிறந்தவை. 1/35-க்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா நிறுவனம் மோட்டாரில் ஓடுகிற பேந்தர் டாங்கி ஒன்றைச் செய்தது. உள்ளே மோட்டாரும் பேட்டரிகளும் அடங்க வேண்டும், அதற்கேற்ற உடம்பு. பிறகு அளந்து பார்த்தால் அசலில் ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒரு பங்கு. அந்த வண்டி நன்றாக விற்றது, அடுத்தடுத்த மாடல்களும் அதே அளவில் வந்தன, மற்ற நிறுவனங்களும் பின்னால் வந்தன. பேட்டரிக்காக ஒதுக்கிய இடம் உலகம் முழுக்க ஒரு பொழுதுபோக்கின் அளவுகோலாகிவிட்டது. இந்த அளவில் டைகரின் 10 சென்டிமீட்டர் முன்பக்கக் கவசம் 3 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. 57 டன் வண்டி உள்ளங்கை இரண்டில் அடங்கிவிடும்.

உடல் பகுதியை ஒட்டுவது பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு சந்திப்பில் முடிந்துவிடும். ஒட்டும் திரவத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. இது பசை மாதிரி இரண்டு பாகங்களுக்கு நடுவில் உட்கார்ந்து பிடித்துக்கொள்வதில்லை. பிளாஸ்டிக்கையே கரைத்து இரண்டையும் ஒன்றாக உருக வைக்கிறது. பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பிரஷ் நுனியை இணைப்பில் ஒரு இடத்தில் தொட்டால் போதும், திரவம் தானே இடுக்கு வழியாக ஓடிவிடும். கொஞ்சம் அழுத்தினால் இணைப்பில் மெல்லிய கோடாகப் பிளாஸ்டிக் பிதுங்கி வரும். காய்ந்தபின் அதைச் சீவிவிட்டால் இணைப்பே தெரியாது. நான் பல வருடம் பிரஷ்ஷால் தடவித் தடவிப் பாழாக்கிக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை செய்து காட்டியதும் விட்டுவிட்டேன். படித்துத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம்தான். ஆனால் எவ்வளவு நேரம் தொட வேண்டும், எப்போது கையை எடுக்க வேண்டும் என்பது பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் பிடிபடும்.

சக்கரத்துக்கு வருகிறேன். டைகரில் ஒரு பக்கத்துக்கு 8 அச்சுகள். ரப்பர் விளிம்பு வைத்த வண்டிகளில் ஒவ்வொரு அச்சிலும் மூன்று சக்கரம், ஆக ஒரு பக்கம் 24. ஒரு அச்சின் சக்கரம் அடுத்த அச்சின் சக்கரங்களுக்கு நடுவே புகுந்து நிற்கும், கைவிரல்களைக் கோத்துக்கொண்ட மாதிரி. அவ்வளவு எடையையும் பல சக்கரங்களில் பரப்புவதற்காக அப்படிச் செய்தார்கள். ஓட்டமும் அலுங்காமல் இருக்கும். ஆனால் சகதி உள்ளே புகுந்து, கிழக்குப் போர்முனையின் குளிரில் இரவில் உறைந்துவிட்டால் காலையில் சக்கரம் சுழலாது.

மாடலில் அந்தச் சக்கரம் ஒவ்வொன்றும் 23 மில்லிமீட்டர், கோட்டுப் பொத்தான் அளவு. 48 சக்கரத்துக்கும் ரப்பர் விளிம்பைத் தனியாகக் கறுப்படிக்க வேண்டும். பல்குச்சியில் சக்கரத்தைச் செருகி, பிரஷ்ஷை அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்ற வேண்டும். பிரஷ்ஷைச் சுற்றினால் கோடு கோணலாகும். ஒட்டுவதற்கு முன்பே இதை முடித்தாக வேண்டும், ஒட்டியபின் உள்ளே பிரஷ் நுழையாது.

அண்ணன் தன் சக்கரங்களுக்குக் கலர் அடிப்பதை விட்டுவிட்டு அவற்றை ஒட்டாமலே கோத்துக் கோத்துக் கழற்றிக்கொண்டிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"உள்வரிசையில ஒரு சக்கரத்துக்கு ரப்பர் பிஞ்சு போச்சுன்னு வெச்சுக்குங்க தம்பி. அதை எடுக்கணும்னா முன்னாடி இதை எடுக்கணும். இதை எடுக்க, பக்கத்து அச்சுல இருக்கிறதை எடுக்கணும். முதல்ல செயினை அறுக்கணும். ராத்திரி, மழை, கீழே சேறு. யாரோ ஒருத்தன் படுத்துக்கிட்டு இதைச் செஞ்சிருக்கான் இல்லையா?"

சின்னவன் உடனே, அதனால்தான் 1944 தொடக்கத்தில் ரப்பரை விளிம்பிலிருந்து உள்ளே கொண்டுபோய் எஃகு விளிம்புச் சக்கரங்களுக்கு மாறினார்கள், அச்சுக்கு இரண்டு சக்கரம்தான் என்று சொன்னான். அண்ணன் தலையாட்டினார். ஆனால் கையில் இருந்த சக்கரத்தை விட்டு அவர் கண் நகரவில்லை.

நாங்கள் தேர்ந்தெடுத்தது 1943-இன் பிற்பகுதி வண்டி. ரப்பர் சக்கரமும் உண்டு, உடம்பில் சிம்மரிட் பூச்சும் உண்டு. காந்தக் கண்ணிவெடிகள் உடம்பில் ஒட்டிக்கொள்ளாமலிருக்க ஜெர்மானியர்கள் பூசிய வரிவரியான சாந்து அது. 1943 கோடைக்குப் பிறகு தொழிற்சாலையிலேயே பூசத் தொடங்கி, 1944 செப்டம்பரில் நிறுத்திவிட்டார்கள். அதை மாடலில் கொண்டுவர இரண்டு பகுதி எபாக்சி புட்டியைப் பிசைந்து, தண்ணீர் தொட்டு மெல்லிசாகத் தேய்த்து, சின்ன ஸ்க்ரூடிரைவர் நுனியால் வரி வரியாக அழுத்த வேண்டும். நிஜத்திலேயே சில மில்லிமீட்டர் கனம்தான் என்றால் மாடலில் அது காகிதக் கனம். முதல் முறை நாங்கள் எல்லோருமே கனமாகப் போட்டுவிட்டோம். வழித்துவிட்டு மறுபடி போட்டோம். புட்டி இறுக ஆரம்பித்துவிட்டால் வரி விழாது, அதற்கு முன் அவசரப்பட்டால் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். நடுவில் சில நிமிடங்கள்தான் சரியான பதம். அந்தப் பதத்தில் நான்கு பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்திருப்போம். அறையில் ஸ்க்ரூடிரைவர் நுனி புட்டியில் படுகிற சத்தம்கூடக் கேட்காது.

வரிசைகளை அருகில் வைத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன், நான்கும் நான்கு கையெழுத்து. சின்னவனுடையது ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேர்க்கோடு. அக்காவுடையது லேசாக அலையாக ஓடும். என்னுடையது இடப்பக்கம் நெருக்கமாகவும் வலப்பக்கம் கலைந்தும் இருந்தது, நான் வலப்பக்கத்தைக் கடைசியில் செய்தேன். தொழிற்சாலையில் பூசியவர்களுக்கும் கை வலித்திருக்கும், அசலின் படங்களிலும் அப்படித்தான் இருக்கிறது என்றார் அக்கா. படத்தைத் தேடிப் பார்த்தோம். இருந்தது. நான் அதுவரை அதே படங்களைப் பல முறை பார்த்திருக்கிறேன், வரி இருக்கிறது என்பதைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை.

கலர் விஷயத்தில் சண்டையே வந்தது. 1943 பிப்ரவரியிலிருந்து ஜெர்மன் வண்டிகளுக்கு அடிப்படை நிறம் அடர்மஞ்சள், டுங்கெல்கெல்ப் என்பார்கள். சின்னவன் துல்லியமான குறியீட்டு எண்ணோடு வந்தான். ஒரு பாட்டிலில் உள்ளது பச்சை கலந்த மஞ்சள், இன்னொன்றில் உள்ளது மணல் நிறம், இரண்டிலும் அதே எண். எது சரி என்று ஒரு மாலை முழுக்கப் பேசினோம். அக்கா இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, அசல் நிறத்தை அப்படியே எடுத்து இவ்வளவு சின்னப் பொருளில் அடித்தால் கண்ணுக்குக் கறுத்துத் தெரியும். தூரத்திலிருந்து பார்க்கிற வண்டிக்கும் நம் கண்ணுக்கும் நடுவே காற்றும் வெளிச்சமும் இருக்கிறது, மாடலில் அது கிடையாது, அதனால் கொஞ்சம் வெளுப்பு கலக்க வேண்டும். இரண்டாவது, மஞ்சளின் மேல் அடிக்கிற பச்சையும் செம்பழுப்பும் களத்தில் இருந்தவர்களே அடித்தது. படைக்குக் குழம்பு மாதிரி டின்னில் வரும், தண்ணீரோ பெட்ரோலோ கிடைத்ததைக் கலந்து அடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரே டின்னிலிருந்து அடித்த இரண்டு வண்டிகள்கூட ஒரே நிறமாக இருக்காது. இந்த இரண்டாவது விஷயத்தைச் சின்னவன்தான் முன்பொரு நாள் எங்களுக்குச் சொன்னது. அக்கா அதை அவனுக்கே திருப்பிச் சொன்னதும் அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவரவர் கலரை அவரவரே கலந்தோம்.

அடுத்தது என் வண்டிக்கு வந்த கஷ்டம். அக்ரிலிக் கலர் காய்ந்தது, வார்னிஷ் அடித்தேன், டிகால் என்கிற, தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் குறிகளை ஒட்டினேன், பிறகு வாஷ். இடுக்குகளில் நிழல் விழுந்த மாதிரி தெரிவதற்காக எனாமலை நிறைய தின்னரில் கரைத்து ஓடவிடுவது. அக்ரிலிக்கின் மேல் எனாமல் வாஷ் போட்டால் அடிக்கலர் கரையாது, அதனால்தான் இந்த வரிசை. நான் சக்கரப் பகுதியில் தாராளமாக ஊற்றிவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் இடப்பக்கம் சக்கரங்களைத் தாங்கும் மூன்று அச்சுக் கைகள் முறிந்து சக்கரங்கள் தொங்குகின்றன. தின்னர், கலர் படாத வெறும் பிளாஸ்டிக்குக்குள் புகுந்தால் அதை நொறுங்க வைத்துவிடும். அதிலும் இழுவிசையில் இருக்கிற பாகம் என்றால் விரிசல் நிச்சயம். நான் இறுக்கமான டிராக்கை மாட்டி அச்சுகளை மேலே இழுத்து வைத்திருந்தேன், மூட்டுகளுக்கு அடிப்பூச்சான பிரைமரும் போகவில்லை. இரண்டும் சேர்ந்துகொண்டது.

அன்று எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது. இரண்டரை மாத வேலை. படம் எடுத்து மற்றவர்களுக்கு அனுப்பிவிட்டு, என்னுடையது இத்துடன் முடிந்தது என்று எழுதினேன். அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் அன்று மாலையே அண்ணன் கை டிரில்லோடு வந்துவிட்டார். முறிந்த முகத்தில் முடிக்கனத்தில் ஒரு துளை, எதிர்ப்பக்கம் ஒரு துளை, நடுவில் பித்தளைக் கம்பி, சூப்பர் குளூ. துளை நேராக விழ வேண்டும் என்பதற்காக அவர் மூச்சை அடக்கிக்கொண்டு டிரில்லை இரண்டு விரலால் உருட்டினார். மூன்று கைகளுக்கு ஒன்றரை மணி நேரம். முடித்துவிட்டு, "அசலைவிட இது பலம் தம்பி, இனி இந்த இடத்துல உடையாது" என்றார். அப்படியே இன்றும் நிற்கிறது. மற்ற மூவரும் தங்கள் வண்டியின் மூட்டுகளுக்கு முதலில் கலர் கொடுத்துவிட்டு, வாஷைச் சொட்டுச் சொட்டாக வைத்தார்கள்.

அழுக்காக்கும் கட்டம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இதில் என் அபிப்பிராயம் ஒன்று உண்டு. நம்மில் பலர் துருவை அளவுக்கு மீறிப் போடுகிறோம். போர்க்களத்தில் பல டாங்கிகள் சில மாதம்கூடத் தாங்கவில்லை. பத்து வருடம் மழையில் கிடந்த தகரம் மாதிரி துருப்பிடிக்க அதற்கு நேரம் ஏது? கலர் உதிர்ந்த இடத்தில் முதலில் தெரிவது அடியில் அடித்த செந்நிறப் பிரைமர். டிராக்கில் தரையைத் தொடும் விளிம்புகள் ஓடி ஓடிப் பளபளக்கும். துரு வரும், ஆனால் மெல்லிய படலமாக.

நான் இதையெல்லாம் யோசித்து, ஸ்பாஞ்சால் ஒற்றி, பிக்மெண்ட் என்ற நிறப்பொடி தூவி, நல்ல புழுதி படிந்த வண்டி ஒன்றைக் கொண்டுபோய் வைத்தேன். அண்ணன் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு நிதானமாகச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லாயிருக்கு. ஆனா இந்த வண்டியில ஆளே ஏறலையே தம்பி?"

எனக்குப் புரியவில்லை. அவர் விரலால் காட்டினார். டிரைவர் இங்கே கால் வைத்து ஏறுவார், இந்த விளிம்பில் புழுதி நிற்காது, பூட்ஸ் தேய்த்துக் கலர் மங்கியிருக்கும். பீரங்கி இருக்கும் டரட்டுக்கு ஏறுகிறவர் கையை இங்கே ஊன்றுவார். பெட்ரோல் ஊற்றுகிறவர் மூடியைச் சுற்றி வட்டமாகச் சிந்தமாட்டார், கேனைச் சாய்க்கிற பக்கமாகச் சிந்துவார், அது சரிவில் வழிந்து புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆள் ஏறி இறங்கும் ஹாட்ச் ஓரத்தில் முழங்கை படும். டைகருக்குள் ஐந்து பேர்: கமாண்டர், பீரங்கி சுடுபவர், குண்டு நிரப்புபவர், டிரைவர், ரேடியோக்காரர். ஐந்து பேரும் ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்கியிருப்பார்கள் என்று கேட்டார். நான் வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் புழுதி எல்லா இடத்திலும் ஒரே சீராக, ஷோரூமில் மூடி வைக்காத வண்டி மாதிரி படிந்திருந்தது.

அடுத்த பதினைந்து நாளும் ஐந்து ஆட்களைக் கற்பனையில் ஏற்றி இறக்கிக்கொண்டே வேலை செய்தேன். லேசாக ஈரப்படுத்திய பிரஷ்ஷால் கால் படும் இடங்களில் புழுதியை எடுத்தேன். டிரைவர் ஹாட்ச்சின் விளிம்பில் பென்சில் கிராஃபைட்டை விரலால் தேய்த்தேன், உலோகப் பளபளப்பு வந்தது. ஒரே இடத்தில், ஒரு கை ஊன்றும் அளவுக்கு. சின்னவன் அதைப் பார்த்ததும் "அண்ணா, இங்கதான் ஏறுவாங்களா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி எனக்குப் போதுமாக இருந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. இது கொலைக் கருவி. அதிலும் நாஜி ஜெர்மனியின் கருவி. அக்கா டிகால் ஒட்டும் நாளில் அந்தச் சிலுவைக் குறியைத் தண்ணீரில் போட்டுவிட்டு வெகுநேரம் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ஒட்டத்தான் போகிறேன், ஒட்டாவிட்டால் இது யாருடையது என்று தெரியாமல் போய்விடும் என்றார். அவருடைய டைகர் மட்டும் எரிந்துபோனது. என்ஜின் மேல்தளம் வெந்து வெளுத்து, சக்கரங்களின் ரப்பர் எரிந்து போய் வெறும் இரும்பாக நின்றது. நெருப்பில் வெந்த எஃகுக்குத்தான் அந்தப் பளீரென்ற ஆரஞ்சுத் துரு பொருந்தும். எங்கள் நான்கில் துரு நிறைய இருந்த ஒரே வண்டி அதுதான், அங்கே அது நியாயமாகவும் இருந்தது. சின்னவன் அன்று வருடம் எதுவும் சொல்லவில்லை.

நான்கு மாதம் கழித்து நான்கையும் ஒரே மேசையில் வரிசையாக வைத்தோம். ஒரே பெட்டியிலிருந்து வந்தவை என்று சொன்னால் நம்புவது கஷ்டம். சின்னவனுடையது தொழிற்சாலையிலிருந்து வந்து இரண்டு நாள் ஆன வண்டி, சிம்மரிட் கோடுகள் கூர்மையாக. அக்காவுடையது எரிந்தது. என்னுடையது புழுதி. அண்ணனுடையதுதான் இருப்பதிலேயே சாதாரணம். கறை கொஞ்சம், சேறு கொஞ்சம், எந்த விசேஷமும் இல்லை. இவ்வளவு சொல்லிக்கொடுத்தவர் இப்படி அடக்கமாக முடித்துவிட்டாரே என்று எனக்கு உள்ளூர ஒரு ஏமாற்றம் இருந்தது.

"எடுத்துப் பாருங்க தம்பி" என்றார். எடுத்தேன். "செயின்ல அடிப்பக்கம் ஒரு கம்பி இருக்கும், இழுங்க. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு."

ட்வீசரால் இழுத்தேன். இரண்டு மூட்டுகளை மட்டும் அவர் ஒட்டாமல் மெல்லிய கம்பியால் கோத்திருந்தார். தரையில் படுகிற பகுதி தனியாகக் கழன்று கையில் வந்தது. வெளிவரிசைச் சக்கரத்தைத் தொடச் சொன்னார். அதுவும் ஒட்டவில்லை, லேசாக இழுத்ததும் வந்தது. அதன் பின்னால் இருந்தது வந்தது. பக்கத்து அச்சிலிருந்து ஒன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. கழற்றுகிற வரிசையை அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, சின்னவன் அவற்றை வாங்கி மேசையில் அடுக்கினான்.

கடைசியில் உள்வரிசைச் சக்கரம் தெரிந்தது. அதன் ரப்பர் விளிம்பில் கால்பங்கு இல்லை. கத்தியால் சீவி, பிய்ந்த ஓரங்களை நார் நாராகக் கிளப்பிவிட்டு, இரும்பு தெரிகிற இடத்தில் டிராக்கில் உரசிய கீறல்கள் வரை போட்டிருந்தார். சுற்றியிருந்த இடுக்கில் பழைய சேறு காய்ந்து கெட்டிப்பட்டிருந்தது, அதன் மேல் புதுச் சேறு ஈரமாக.

"சக்கரத்தை மாட்டிட்டா இது வெளியே தெரியவே தெரியாதே அண்ணே?" என்றார் அக்கா.

"தெரியாதும்மா" என்றார். சின்னவன் அடுக்கி வைத்திருந்த வரிசையிலிருந்து கடைசிச் சக்கரத்தை எடுத்து முதலில் மாட்டினார்.